காலி விமானம் வாய் திறக்காது

போன மாதம் கேப்டன் நரசிம்மலுவுக்குச் சென்னையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எண்பதைத் தாண்டியவர், சோளிங்கரில் சொந்த வீட்டில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கொடுத்துவைத்த சாவு. நான் வேலூரிலிருந்து காலை ரயிலைப் பிடித்துப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அவரும் நானும் வேலை செய்த சிறிய வாடகை விமானக் கம்பெனியில் இப்போது தேர்வு நடத்தும் பைலட் ஒருவர் மேடையேறினார். "ஆம்பூருக்கு மேல ஒரு இன்ஜின் நின்னுடுச்சு. பக்கத்து சீட்டுல கேப்டன். ஓட்டினது அவரோட மாணவி. கடைசி வரைக்கும் கேப்டன் ஒரு வார்த்தை பேசல. பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தார். அந்த நம்பிக்கைதான் அந்த விமானத்தைத் தரை இறக்கிச்சு" என்றார். கூட்டம் கைதட்டியது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டுவார்களா என்று கேட்காதீர்கள், இந்தக் காலத்தில் தட்டுகிறார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் பைலட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ பெரிய மனுஷன் இல்ல மேடம்?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாணவி நான்தான்.

அதோடு விட்டார்களா? புதிதாக கேப்டன் ஆகிறவர்களுக்கு வைக்கும் கடைசித் தேர்வில், தேர்வு நடத்துகிறவர் விமானம் ஏறியதிலிருந்து இறங்கும் வரை வாய் திறக்கக் கூடாது என்று இப்போது ஒரு வழக்கமே வைத்திருக்கிறார்களாம். அதற்கு அவர் பெயர்தானாம். செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள், சரி. ஆனால் நல்லதாக ஒரு பொய்யைப் பேசினால் அது செத்தவரை ஒன்றும் செய்யாது, உயிரோடு இருக்கிற யாரையாவது கொண்டுபோய்விடும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். எனக்கும் அறுபத்தாறு ஆகிறது. இதற்கு மேல் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் ஆம்பூர். அப்பா ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர், அம்மா வேலூரில் நர்ஸ். நான் எப்படி பைலட் ஆனேன் என்பதை வேறு யாராவது கேட்டால் சொல்கிறேன். உதவித்தொகை, பிடிவாதம், அம்மாவின் வளையல்கள், இவ்வளவுதான் அதில் விஷயம். லைசென்ஸ் வாங்கிய பிறகும் பல வருஷம் ஆபீஸில் பேப்பர் வேலை பார்த்தேன். "பொம்பள ஓட்டுறதுல ஏறமாட்டேன்" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதும் இருக்கிறது. கடைசியில் வலது சீட்டில் கோ-பைலட்டாக உட்கார வைத்தார்கள். அங்கிருந்து இடது சீட்டுக்கு, அதாவது கேப்டன் சீட்டுக்கு, என்னைத் தயார் செய்ய வந்தவர்தான் நரசிம்மலு.

அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அதுதான் அவர் குணம். சாதாரணமாக "எஸ்தரு, இன்னா பண்ற?" என்பார். கொஞ்சம் தப்பு செய்தால் "எஸ்தரம்மா, இன்னா பண்றீங்க?" ரொம்பத் தப்பு என்றால், "மேடம் தயவு பண்ணி அந்தக் கைய அங்கேருந்து எடுக்கறீங்களா?" என்பார். அந்த "மேடம்" காதில் விழுந்தால் எனக்கு முதுகு வேர்த்துவிடும்.

எங்கள் விமானம் சின்னது. ஆறு பேர் உட்காரலாம், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின், இரண்டு விசிறி. பயிற்சியில் அவர் மடியில் பெரிய வரைபடத்தை விரித்துக்கொள்வார். அதற்கு அடியில் கையை விட்டு ஏதாவது ஒரு இன்ஜினின் த்ராட்டிலை, அதாவது வேகம் கூட்டிக் குறைக்கும் பிடியை, மெல்ல இழுத்துவிடுவார். எந்த இன்ஜின் போனது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். தவறான இன்ஜினை அணைத்தால் உயிரோடு இருப்பதையும் நாமே கொன்றுவிட்டோம் என்று அர்த்தம். அதன் பிறகு நாம் ஓட்டுவது விமானம் அல்ல, தகர டப்பா.

மீட்டர்களைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. இந்தத் தொழிலில் என்னை இன்றும் சில்லிட வைக்கிற சங்கதி அதுதான். அந்த ரக விமானத்தில் இன்ஜின் பறக்கும்போது செத்துவிட்டால், எதிர்க்காற்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். விசிறியின் வேகத்தைச் சீராக வைக்க ஒரு கருவி உண்டு, அதுவும் விசுவாசமாகத் தன் வேலையைச் செய்யும். சுற்று எண்ணிக்கை காட்டும் முள் அசையாது. சத்தமும் பெரிதாக மாறாது. உயிருள்ளதும் செத்ததும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

"முள்ளைக் கேக்காத, காலைக் கேளு" என்பார் கேப்டன். ஒரு பக்கம் செத்தால் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும். நேராக்க எதிர்ப்பக்கத்துக் கால் பெடலை அழுத்தும். எந்தக் கால் வேலை செய்யாமல் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து இன்ஜின்தான் செத்தது. அடுத்தது கை. செத்தது என்று நினைக்கும் இன்ஜினின் த்ராட்டிலை மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும். "எதுவுமே மாறலன்னா அது பொணம். ஏதாவது மாறுச்சுன்னா அது உசுரு. மாறினது சொகமா இருந்தாகூட உசுருதான். சொகமா இருந்தா ரொம்பப் பயப்படு" என்பார். மூன்றாவது அவருக்கே உரிய சடங்கு. அணைக்கும் பிடியைத் தொடும் முன்பு கையை எடுத்து மடியில் வைக்க வேண்டும். ஒரு மூச்சு முழுசாக விட்டு, திரும்ப எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கை மறுபடி போகலாம். எங்கள் கம்பெனியில் மற்றவர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். "நரசிம்மலு சார் ஸ்டூடன்ட்டா? அப்போ சாமி கும்பிட்டுட்டுதான் அணைப்பீங்க" என்பார்கள்.

இன்னொன்றும் சொல்லுவார். "ஆளும் மூட்டையும் ரொம்பி இருந்தா விமானம் ஒடனே கத்தும், எறங்க ஆரம்பிச்சுடும். காலியா இருந்தா வாய் தொறக்காது. ஒத்த இன்ஜின்ல ஜம்முனு போவும். அதுதான் டேஞ்சர்." காலி விமானம் வேகம் குறைந்தாலும் சட்டென்று விழாது. ஆனால் மெதுவாகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பெடல் பயன்படாமல் போய், விழுவதற்கு முன்னால் புரண்டுவிடும். பாரமான விமானம் எச்சரிக்கிற இடத்தில் காலி விமானம் சிரித்துக்கொண்டிருக்கும். அது எனக்குத் தேர்வுக்குப் படிக்கிற பாடமாகத்தான் அப்போது இருந்தது.

என் கடைசித் தேர்வு ஒரு காலை வேளையில். நோயாளியை ஏற்றிவர சென்னையிலிருந்து ஹூப்ளிக்குக் காலியாகப் போகும் விமானம். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்ட்ரெச்சர் போட்டிருந்தார்கள். பின்னால் ஒரே ஒரு ஆள், வேலூரைச் சேர்ந்த கிருபா சிஸ்டர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவர், அதிகம் பேசாதவர். இடது ஜன்னல் பக்கம், எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, ஆள் இல்லாத ஸ்ட்ரெச்சரின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அது அவர் பழக்கம் போலிருக்கிறது.

விமானம் ஏறும் முன் கேப்டன் என் காலைப் பார்த்தார்.

"புதுசா?"

"ஆமா சார். அப்பா குடுத்தாரு."

"ம்."

அந்த ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி யூனிபார்மில் ஆண்களுக்குத்தான் ஷூ. என் காலுக்கு அளவே கிடையாது. ஆம்பூர்க்காரர்களுக்கு ஷூ வாங்கிப் பழக்கமில்லை, பொறுக்கித்தான் பழக்கம். ஏற்றுமதியில் கழித்துவிட்டவை ஒற்றை ஒற்றையாகக் குவிந்து கிடக்கும். இடது ஒரு நம்பர், வலது வேறு நம்பர், நிறம் ஒன்றாக இருந்தால் போதும், ஜோடி. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கல்யாணமே பண்ணிக்கொண்டார்கள். மகள் கேப்டன் ஆகப் போகிறாள் என்று அப்பா நாலு நாள் குவியலைக் கிளறி, கறுப்பில் பளபளவென்று ஒரு ஜோடி சேர்த்துக் கொண்டுவந்தார். இடது கொஞ்சம் சின்னது, விரலைக் கடித்தது. வலது பெரியது. "அதுக்கு இன்னா, ரெண்டு ஸ்பாஞ்ச் வெச்சா கிச்சுனு ஆய்டும்" என்று உள்ளே தடிமனாக இரண்டு ஸ்பாஞ்ச் அட்டை வைத்து ஒட்டினார். பழைய மெல்லிய ஷூவைத்தான் போட்டிருக்க வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் போடாமல் இருப்பது?

கேப்டன் வலது சீட்டில் ஏறி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இன்னைக்கு நான் மூட்டை. நீதான் கேப்டன். மூட்டை பேசாது, மூட்டைகிட்ட எதுவும் கேக்காத."

அதோடு சரி. வாயை மூடினார்.

எட்டாயிரம் அடியில் மேற்கே போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெளிச்சம், மேகமே இல்லை. வேலூர் கோட்டை பின்னால் போனது. பாலாற்று மணல் கீழே வெள்ளையாகக் கிடந்தது. ஆம்பூர் வந்ததும் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். இடப்பக்கம் குனிந்து, தோல் ஷெட்டுகளின் கூரைகளுக்கு நடுவே அப்பாவின் கம்பெனியைத் தேடினேன். தேர்வு என்பதையே மறந்துபோனேன். ஒரு நிமிஷம் இருக்கும், கூடவே இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் விமானம் ஒருமுறை லேசாக உடம்பைச் சிலிர்த்தது. மலைக்காற்று என்று நினைத்தேன்.

நிமிர்ந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு விசிறியும் சுற்றின. முட்கள் ஜோடி ஜோடியாக நின்றன. வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. நான் எதையும் தொடவில்லையே, எப்படிக் குறைந்தது?

சத்தத்தில் ஏதோ ஒன்று இல்லை. என்ன இல்லை என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் கடிகாரம் நின்றுபோன பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வரும் இல்லையா, அந்த மாதிரி. எரிபொருள் முள்ளைப் பார்த்தேன். இடது இன்ஜினுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே காட்டியது. அந்த ரகத்தில் அந்த முள் அழுத்தத்தைத்தான் காட்டும். குழாய் அடைத்துக்கொண்டால் ஏறித்தான் நிற்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தது அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை.

கேப்டனைப் பார்த்தேன். நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்தான் ஏதோ செய்துவிட்டார், வழக்கம்போல விளையாடுகிறார் என்று தோன்றியது. பின்னால் ஒரு ஆள் இருக்கும்போது செய்வாரா? மாட்டாரே. பிறகு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்?

காலைக் கேட்டேன். இடது காலில் அழுத்தம் தெரிந்தது. விரல்கள் வலித்தன. வலது கால் பஞ்சு மேல் வைத்தது போல சும்மா இருந்தது. சும்மா இருக்கும் கால் வலது, ஆகவே செத்தது வலது இன்ஜின். எவ்வளவு சுலபம்!

வலது த்ராட்டிலை மெல்ல இழுத்தேன். விமானம் அப்படியே சாந்தமானது. எனக்குத் தெரியாமலே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது நின்று, மூக்கு நேராகி, வழுக்கிக்கொண்டு போனது. இரைச்சல் தணிந்தது. கால் வலி போய்விட்டது. உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. அப்பாடா, சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது எனக்கு.

கை தானாக வலது இன்ஜினை அணைக்கும் பிடிக்குப் போனது. தொட்டும்விட்டேன். குளிர்ச்சியாக இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. கேட்டுவிடலாம் என்று வாய் திறந்தேன். "சார்" என்று தொண்டை வரை வந்துவிட்டது. அவர் திரும்பவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் பேப்பர் வேலை பார்த்தது இந்த மூட்டையிடம் கடைசியில் போய்க் கெஞ்சுவதற்கா? போய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாயை மூடினேன். கோபத்தில் அவருடைய சடங்கையே அவருக்குச் செய்து காட்டினேன். கையை எடுத்து, நன்றாகத் தெரிகிற மாதிரி, மடியில் பட்டென்று வைத்தேன்.

மூச்சு விட்டேன். அப்போது ஹெட்செட்டில் கிருபா சிஸ்டரின் குரல் வந்தது.

"அம்மா, இந்தப் பக்கத்துது சும்மா சுத்துதும்மா. மூச்சு இல்ல."

"எந்தப் பக்கம் சிஸ்டர்?"

"என் பக்கம். லெப்ட்டு. செவுத்துல கை வெச்சிருக்கேன், துடிப்பு இல்ல."

இடப்பக்கம் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இடது விசிறி ஒளிவட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை. அவ்வளவு நேரம் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி தோன்றியது.

வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. உயரமும் மெல்ல மெல்ல. வலது த்ராட்டிலைத் திரும்ப முன்னால் தள்ளினேன். நின்றிருந்த இழுப்பு உடனே வந்தது. அப்புறம் எனக்கே காரணம் தெரியாமல் ஒன்று செய்தேன். வலது ஷூவை உதறினேன். பெரியதுதானே, சுலபமாகக் கழன்றது. வெறும் காலைப் பெடலில் வைத்ததும் பெடல் என் காலை முட்டித் தள்ளியது. அவ்வளவு நேரமும் என் வலது கால்தான் முழுப் பலத்தோடு விமானத்தை நேராகப் பிடித்திருந்திருக்கிறது. அப்பாவின் ஸ்பாஞ்ச் அதை எனக்குச் சொல்லவில்லை. ஒரு பெடல் முன்னால் போனால் மற்றது பின்னால் வரும். அப்படி வந்த இடது பெடல் சின்ன ஷூவுக்குள் விரலை நசுக்கியிருக்கிறது. அந்த வலியை நான் அழுத்தம் என்று நம்பியிருக்கிறேன்.

இடது த்ராட்டிலை முழுசாகப் பின்னால் இழுத்தேன். எதுவுமே மாறவில்லை. சத்தம் மாறவில்லை, மூக்கு அசையவில்லை, கால் உணரவில்லை. அதுதான் பிணம்.

கை மடிக்கு வந்தது. மூச்சு. திரும்பப் பார்த்தேன். பிறகு இடது விசிறியின் அலகுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி நிறுத்தும் பிடியை இழுத்தேன். விசிறி தயங்கித் தயங்கி மெதுவாகி நின்றது.

பறக்கும்போது பார்க்கக் கூடாத பொருள் அது. மூன்று அலகுகள் தனித்தனியாக, அசையாமல், என் முகத்துக்கு நேராக நின்றன. அதில் ஒட்டிய பூச்சியின் சிறகு தெரிந்தது. எழுதியிருந்த எண்களைப் படிக்க முடிந்தது. கீழே ஊர் நகர்ந்துகொண்டிருக்க, அது மட்டும் நின்றது. பின்னால் சரக்கென்று சத்தம். சிஸ்டர் தன் ஜன்னலின் திரையை இழுத்து மூடியிருந்தார், வார்டில் கட்டிலைச் சுற்றி மூடுகிற மாதிரி.

வலப்பக்கம், உயிருள்ள இன்ஜின் பக்கமாகவே, மெல்லத் திரும்பினேன். சென்னைக்குத் தகவல் சொன்னேன். மேற்கே போகப் போகத் தரை உயரம், அதனால் கிழக்கே பதினைந்து நிமிஷத்தில் வேலூர் ஓடுதளம் என்று முடிவெடுத்தேன். அப்போது அங்கே வழக்கமான விமானம் எதுவும் வராது. கண்ட்ரோல் டவரில் ஆள் கிடையாது, ஓடுதளமும் நீளம் குறைவு. ஒரே முயற்சிதான், தவறினால் மறுபடி மேலே ஏறி வருவது நடக்காது. அந்தப் பதினைந்து நிமிஷமும் விமானம் ஒரு குறையும் சொல்லாமல் போனது. இப்படியே சென்னைக்கே போய்விடலாமே என்று அது என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தது. போகும் வழியில் ஒருமுறை, நிறுத்திய விசிறி தானாகக் கால் சுற்று திரும்பி மறுபடி நின்றது. தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி. நான் "ஏசப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கேப்டன் அப்போதும் பேசவில்லை. ஓரக்கண்ணில் பார்த்தேன், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். உதவிக்கும் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இறங்கியதும் இவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். உயிரோடு இறங்குவோம் என்று அந்தக் கோபத்துக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது.

ஓடுதளத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள் நாலைந்து பேர், இரண்டு மாடு. விமானத்தைப் பார்த்ததும் மனிதர்கள் ஓடினார்கள். மாடுகள் யோசித்து யோசித்து நகர்ந்தன. வேகத்தைக் கடைசி வரை குறையவிடாமல் பிடித்தேன். காலி விமானம் ஆனதால் தரைக்கு மேல் மிதந்துகொண்டே போனது, இறங்க மனசே இல்லை அதற்கு. ஓடுதளம் தீர்ந்துகொண்டே வந்தது. ஒருவழியாகச் சக்கரம் தட்டி, பிரேக் பிடித்து, புதர்கள் ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்றோம்.

சிஸ்டர்தான் முதலில் இறங்கினார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வென்டிலேட்டர்ல நெஞ்சு ஏறி எறங்கும்மா. சொந்தக்காரங்க பாத்துட்டு உசுரு இருக்குதுன்னு சத்தியம் பண்ணுவாங்க. கைய வெச்சாதான் தெரியும்" என்றார். பிறகு ஹூப்ளி நோயாளியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். அந்த ஆளை மதியமே வேறு விமானத்தில் கொண்டுவந்தார்கள், பிழைத்தும்விட்டார்.

கேப்டன் இறங்கவில்லை. நான் வலப்பக்கமாகச் சுற்றி வந்து, இறக்கை மேல் ஏறி, கதவருகில் நின்றேன். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். கேட்க நினைத்த நாலு கேள்வியும் நாக்கு நுனியில் இருந்தன. அவர் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தார். விரல்கள் வெளுத்திருந்தன.

"மேடம்" என்றார். என்ன தப்பு செய்தேன்? ஆனால் அவர் கோபம் என்மேல் இல்லை.

"நானும் வலதுன்னுதாம்மா நெனச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"உங்க கை போன பக்கமே என் புத்தியும் போய்டுச்சு. விமானம் சொகமா ஆனதும் சரிதான்னு நெனச்சேன். நீங்க கைய எடுத்து மடியில வெச்சீங்க பாருங்க, எனக்கு எரிச்சல். இன்னா லேட் பண்றா, நாமே அணைச்சுடலாம்னு என் கை போச்சு. மூட்டைன்னு சொல்லிட்டோமே, மானம் போவுமேன்னு கையத் தொடைக்கடியில வெச்சு உக்காந்தேன்." விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "சிஸ்டர் சொன்னப்பறம் எனக்கு வாயே வரல. பேசாம இருந்தது நம்பிக்கை இல்லம்மா. மொதல்ல திமிரு, அப்புறம் பயம்."

"சார், விடுங்க."

"விடக் கூடாது. ரிப்போர்ட்டுல எழுதுங்க. நான் நெனச்சதையும் எழுதுங்க. இன்னைக்கு என் திமிரு காப்பாத்துச்சு, நாளைக்கு அதே திமிரு கொல்லும்."

நான் எழுதவில்லை. எழுதினால் முப்பது வருஷப் பெயர் ஒரு வரியில் போய்விடும் என்று பரிதாபப்பட்டேன். இடது இன்ஜினில் எரிபொருள் போகும் வழியில் அடைப்பு, சரியாகக் கண்டறிந்து தரை இறக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் கீழே கையெழுத்துப் போட்டார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அவர் யாருக்கும் பேசாமல் தேர்வு நடத்தியதில்லை. "நான் மூட்டை இல்ல, சந்தேகம்னா கேளு, நான் சொல்றதையும் நம்பாத" என்பதுதான் அவருடைய புதுப் பாட்டு. மேடையில் பேசினவருக்கு அது தெரியவில்லை. எப்படித் தெரியும், நான்தான் மறைத்துவிட்டேனே!

அன்று மதியம் அப்பா செய்தி கேட்டு ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து ஓடுதளத்துக்கு வந்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை காலில் நின்றது.

"ஷூ கடிச்சிதாம்மா?"

"இல்லப்பா. நல்லாதான் இருந்துச்சு."

"அப்போ ஏன் கழட்டின?"

"வேர்த்துச்சுப்பா."

அவர் உள்ளே போய், பெடலுக்குக் கீழே கிடந்த வலது ஷூவை எடுத்து, சட்டையில் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி வரை அவருக்கு நான் சொல்லவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

வருத்தம் மற்றதில்தான். இப்போது அந்த அறிக்கையில் விட்டுப்போன வரியை எழுதுகிறேன், தேர்வு நடத்துகிறவர்களும் தேர்வு எழுதுகிறவர்களும் படிக்கட்டும். ஆம்பூருக்கு மேலே கேப்டன் நரசிம்மலுவும் வலது என்றுதான் நினைத்தார். நான் அவரைக் கேட்க வாய் திறந்தேன். கேட்டிருந்தால் வலது என்று சொல்லியிருப்பார், அவர் சொல்லியிருந்தால் நான் மடியில் கையை வைத்திருக்க மாட்டேன்.